சென்னைக் கல்லூரிகளை மகளுடன் நேரில் பார்ப்பது பற்றி: கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி (கோத்தகிரிக்காரர்):

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். பி.எஸ்சி. தாவரவியல்தான் படிப்பேன், அதையும் சென்னையில்தான் படிப்பேன் என்கிறாள். நீட் எழுதச் சொல்லிப் பார்த்தோம், மறுத்துவிட்டாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஓய்ந்துவிட்டதால், இங்கும் அதைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் கல்லூரியையும் விடுதியையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை. மூவரும் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் போய், இரண்டு நாள் இருந்து திரும்புவதாகத் திட்டம். மகள் எழுதிக் கொடுத்திருக்கும் பட்டியலில் தாம்பரத்திலிருந்து மெரினா வரை ஒன்பது கல்லூரிகள் இருக்கின்றன.

காலாண்டு விடுமுறையில் போவதா, பொதுத்தேர்வு முடிந்தபின் ஏப்ரல், மே மாதங்களில் போவதா என்று தெரியவில்லை. தேர்வுக்குப் பின் அவளுக்கு நேரம் இருக்கும், ஆனால் எனக்கு அப்போதுதான் இலை அதிகம் வரும். முன்பின் தெரியாதவர்களைக் கல்லூரிக்குள் விடுவார்களா என்பதும் சந்தேகம். இன்னொன்றையும் கூச்சத்தை விட்டுக் கேட்டுவிடுகிறேன்: எங்கே போனாலும் என் மனைவிதான் எல்லாக் கேள்வியையும் கேட்பார்; மகள் வாயே திறக்க மாட்டாள்; வீடு திரும்பிய பிறகு இருவருக்கும் சண்டை வரும். இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில் 1 (குன்னூர் அம்மா):

ஐயா, தயவுசெய்து மே மாதத்தில் போகாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அப்படித்தான் போனோம். சீசன் நெரிசலில் மலையிறங்கவே பாதி நாள் ஆயிற்று. சென்னையில் இறங்கினால் அக்னி நட்சத்திரம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், கல்லூரிக்கே விடுமுறை என்பதுதான் பெரிய கோளாறு. வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன, விடுதியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், பேசுவதற்கு ஒரு மாணவிகூட இல்லை. சேர்க்கை அலுவலகத்தில் மட்டும் ஒருவர் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அவர் காட்டிய அறையைப் பார்த்துத்தான் மகளைச் சேர்த்தோம். வகுப்பு தொடங்கிய பிறகு, முதலாண்டு மாணவிகளுக்கு அந்த விடுதி கிடையாது, நான்கு கிலோமீட்டர் தள்ளி வாடகைக்கு எடுத்த வேறொரு கட்டடம்தான் என்று தெரிய வந்தது.

காலாண்டு விடுமுறையின் அருமையே, பள்ளிக்கு விடுமுறையாக இருக்கும்போது கல்லூரி நடந்துகொண்டிருக்கும் என்பதுதான். ஐப்பசி மழையும் பிடித்திருக்காது. காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை நாள்களை மட்டும் நாள்காட்டியில் பார்த்து விலக்கிவிடுங்கள். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன் திறந்துவிடும். விடுமுறைக் கூட்டத்தில் படுக்கை சீக்கிரம் தீர்ந்துபோகும்.

உள்ளே விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். வாசலில் போய் நின்றால் பெரும்பாலும் காவலாளியோடு பேச்சு முடிந்துவிடும். பத்து நாள் முன்னதாகவே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, துறைத் தலைவரைப் பார்க்க நேரம் கேட்டு, முடிந்தால் மின்னஞ்சலிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மகளின் பள்ளி அடையாள அட்டையும் உங்கள் ஆதாரும் கையில் இருக்கட்டும். பெண்கள் விடுதிகளில் தந்தையரைப் பார்வையாளர் அறையோடு நிறுத்திவிடுவது வழக்கம் என்பதால், மாடிக்கு உங்கள் மனைவிதான் போக வேண்டியிருக்கும். போகிறவர் கட்டிலை அல்ல, குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதை ஒன்றுவிடாமல் படிக்கட்டும். எங்கள் மகள் இப்போது இருக்கும் விடுதியில், “தண்ணீர் லாரி வரும் நேரம்” என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

பதில் 2 (ஊட்டியிலிருந்து தாம்பரம் போனவள்):

வணக்கம் ஐயா. நான் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மூன்றாண்டு விடுதியில் இருந்து படித்தவள். ஒன்பது கல்லூரி என்பது இரண்டு நாளில் நடக்காது; நான்குக்கு மேல் வைக்காதீர்கள். சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள் என்பதால், ரயில் பாதையை வைத்துத் திட்டமிடுங்கள்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் சென்ட்ரல் வந்துவிடும். சாலையைக் கடந்தால் பூங்கா நிலையம். அங்கே தாம்பரம் செல்லும் மின்சார ரயிலைப் பிடித்தால், காலை வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு எங்கள் கல்லூரி வாசலில் இருக்கலாம். 1837இல் தோன்றி, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த கல்லூரி இது. வளாகமே பாதிக் காடு, புள்ளிமான்கள் திரியும். தாவரவியல் படிக்க வருகிற தங்கைக்கு மனசு அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் எச்சரிக்கிறேன்: காலை பத்து மணிக்கு அந்த மரநிழலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், பிற்பகல் இரண்டு மணிக்கும் அங்கே இருந்து பாருங்கள். செப்டம்பர் புழுக்கத்தில் கட்டிலின் இரும்புச் சட்டமே வெதுவெதுப்பாக இருக்கும். ஊட்டியில் கம்பளிக்குள் தூங்கிப் பழகிய எனக்கு முதல் மாதம் தூக்கமே வரவில்லை.

அங்கிருந்து திரும்பும் வழியில் நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால், 1915இல் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரி. மறுநாள் பறக்கும் ரயிலில் கடற்கரைப் பக்கம் போய்விடுங்கள். மாநிலக் கல்லூரியும் ராணி மேரி கல்லூரியும் ஒரே காமராஜர் சாலையில் இருக்கின்றன; இரண்டும் அரசுக் கல்லூரிகள், கட்டணம் மிகக் குறைவு. விடுதி இடம் கிடைக்குமா என்பதை மட்டும் அங்கே தனியாக, அழுத்தமாகக் கேளுங்கள். இரவு அதே நீலகிரியில் ஏறிவிட்டால் ஒரே ஒரு இரவுக்குத்தான் அறை வேண்டியிருக்கும்.

தங்கைக்கு ஒரு செய்தி: நம் நீலகிரி, பழனி மலையுச்சிகளில் பூக்கும் செடிகளைப் பற்றி நூறாண்டுக்கு முன் விரிவாக எழுதிய பைசன், மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நாம் மிதித்துக்கொண்டு போகிற செடிகளுக்குக்கூட அவர் குறிப்பு எழுதியிருக்கிறார். எந்தக் கல்லூரிக்குப் போனாலும், ஹெர்பேரியம் எனப்படும் உலர்செடித் தொகுப்பு இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தொட்டுப் பயன்படுத்த முடியுமா என்று அவளே கேட்கட்டும். விடை எதுவானாலும், சொல்பவரின் முகத்தைப் பார்த்தாலே துறையின் நிலை தெரிந்துவிடும்.

பதில் 3 (ஓய்வுபெற்ற ஆசிரியர், உதகை):

மேலே சொன்னவை அனைத்தும் சரி. சென்னைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை நாளில் மகளை உதகை அரசு கலைக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே சேர்ப்பதற்காகச் சொல்லவில்லை, சேர்ந்தாலும் தவறில்லை. கல்லூரியையே பார்த்திராத பிள்ளை சென்னையில் முதலில் காணும் கல்லூரியைப் பார்த்து மலைத்துப்போகும். அந்த வளாகத்தில் ஆங்கிலேய கலெக்டர் சலிவன் கட்டிய பழைய கல் பங்களாவைச் சுற்றி நடந்து, ஆய்வகத்தை எட்டிப் பார்த்து, இரண்டு மாணவர்களோடு பேசிவிட்டால், பிறகு மற்றவற்றை எதனோடு ஒப்பிடுவது என்று அவளுக்குப் புரியும். பேசிப் பழகவும் அது ஒத்திகை.

தாய்க்கும் மகளுக்கும் உள்ள சிக்கலுக்கு, முப்பது ஆண்டுகள் பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்விகளைப் பிரித்துக் கொடுங்கள். கட்டணம், விடுதி, பாதுகாப்பு ஆகியவை தாய்க்கு. பாடம், ஆய்வகம், களப்பயணம் மகளுக்கு. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மணி நேரமாவது நீங்கள் இருவரும் கேன்டீனில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்; அவள் தனியாகச் சுற்றி வரட்டும். மூன்றாண்டு அங்கே தனியாக இருக்கப் போகிறவள் ஒரு மணி நேரம் இருக்க மாட்டாளா?

பணம் பற்றிச் சுருக்கமாக. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்; அதற்குரிய பள்ளிச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் பொது விண்ணப்பம். மற்றவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியின் விண்ணப்பம். பார்க்கப் போன இடத்தில் “இன்றே முன்பணம் கட்டினால் இடம் உறுதி” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. ஆகையால் இந்தப் பயணத்துக்கு நகல்கள் போதும்.

கேள்வி கேட்டவர் (கோத்தகிரிக்காரர்):

மூவருக்கும் மிக்க நன்றி. போகவும் வரவும் மூன்று படுக்கைகள் இன்று காலையே பதிவு செய்துவிட்டேன். மலைப்பாதையை நம்பாமல், மாலை நான்கு மணி பஸ்ஸுக்கே இறங்கிவிடுவதாக இருக்கிறோம். உதகைக்கு அடுத்த வாரம், இலை எடுக்காத நாளில் போகிறோம். மகள் தன் பட்டியலில் ஐந்து கல்லூரிகளை அடித்துவிட்டு, என் இலைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதத் தொடங்கியிருக்கிறாள். உலர்செடித் தொகுப்புதான் முதல் கேள்வி. கேன்டீன் விஷயத்தில் மட்டும் என் மனைவி அரை மணி நேரத்துக்குத்தான் சம்மதித்திருக்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.