ஐசெஃப் (பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சி) அரங்கில் பார்த்த புராஜெக்ட்களில் இன்னும் மனசை விட்டுப் போகாதது எது? (அனுபவப் பகிர்வு)

நுண்ணோக்கி:
தாவரச் சாறு, பாக்டீரியா, டிஸ்க் டிஃப்யூஷன். சாறு விட்ட சின்னக் காகித டிஸ்க்கைப் பாக்டீரியா வளரும் தட்டில் வைத்து, சுற்றிலும் வளர்ச்சி நின்ற வட்டத்தை அளக்கும் சோதனை. எந்த ஆண்டு போனாலும் இந்த வகையில் ஒரு ஸ்டால் இருக்கும். இந்த ஸ்டாலில் படங்கள் அவ்வளவு சுத்தம். தட்டு முழுக்கச் சீரான வளர்ச்சி, சாறு விட்ட டிஸ்க்கைச் சுற்றி 14 மி.மீ. தெளிந்த வட்டம். நடுவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "சாறு இல்லாமல் வெறும் எத்தனால் மட்டும் விட்ட டிஸ்க் எங்கே?" மாணவி திரும்பித் தன் போஸ்டரையே பார்த்தார். அதில் அது இல்லை. அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் மற்ற எல்லாமே சரியாக இருந்தது.

சாறு எடுத்தது 70% எத்தனாலில். 6 மி.மீ. டிஸ்க்கில் 20 மைக்ரோலிட்டர் விட்டு, ஈரம் காயும் முன்னே தட்டில் வைத்தால் எத்தனாலே வட்டம் போடலாம். அந்த 14 மி.மீ.யில் செடியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. தேவைப்பட்டது மூன்று டிஸ்க்: சாறு, வெறும் கரைப்பான், தெரிந்த ஒரு ஆன்டிபயாடிக். மூன்றும் ஒரே தட்டில், மையத்துக்கு மையம் 24 மி.மீ.க்குக் குறையாமல்.

இன்னொன்று அகார் (பாக்டீரியா வளரும் கூழ்) தடிமன். 90 மி.மீ. தட்டில் 4 மி.மீ. உயரம் வர சுமார் 25 மி.லி. ஊற்ற வேண்டும். சிக்கனம் பார்த்து 15 மி.லி. ஊற்றினால் உயரம் 2.4 மி.மீ.தான் வரும், வட்டம் பெரிதாகிவிடும். ஒரு தட்டில் 25, அடுத்ததில் 15 என்றால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

கம்பிச்சுருள்:
நுண்ணோக்கி சொன்னதற்கு நேர் எதிரான உதாரணம் 2022 அட்லாண்டாவில் இருந்தது. ராபர்ட் சான்சோன் என்ற பள்ளி மாணவரின் மோட்டார், செய்திகளில் வந்ததுதான். அரிய மண் காந்தம் இல்லாத சின்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டார், அதாவது இரும்பு ரோட்டரைச் (சுழலும் பாகம்) சுழலும் காந்தப்புலம் இழுத்துச் சுற்றும் வகை. வழக்கமாக ரோட்டரில் காற்று இடைவெளி விடும் இடத்தில் இன்னொரு காந்தப்புலத்தைக் கொண்டுவந்தார். 75,000 டாலர் முதல் பரிசு. செய்தியெல்லாம் "மின்சார காரின் எதிர்காலம்" என்று போனது. எனக்கு நிற்பது வேறு: ஒப்பீட்டுக்கு அவர் கடையில் ஒரு மோட்டார் வாங்கி வைக்கவில்லை. தன் மோட்டாரையே மாற்றியமைத்துச் சாதாரண ரிலக்டன்ஸ் மோட்டாராக ஓடவிட்டு, அதோடு ஒப்பிட்டார். 300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 300 சுற்று) டார்க் (சுழற்றும் விசை) 39% அதிகம், செயல்திறன் 31% அதிகம். 750 ஆர்பிஎம்மில் செயல்திறன் 37% அதிகம். அதற்கு மேல் போகவில்லை, பிளாஸ்டிக் பாகங்கள் சூடாகிவிடும் என்பதால். எந்த வேகம் வரைக்கும் சோதித்தேன் என்று எல்லையைச் சொன்னது அந்த வேலைக்கு இன்னும் மதிப்பு கூட்டியது.

மோட்டார் செய்யும் பிள்ளைகளுக்காக மூன்று இடம் குறிக்கிறேன், எண்கள் தவறுவது இங்கேதான்.

ஒன்று, டார்க். சுழலும் தண்டை உராய்ந்து பிடிக்கும் பிரேக்கில் 10 செ.மீ. கை பொருத்தி, நுனியை எடை செல்லில் (அழுத்தும் எடையைக் காட்டும் உணரி) அழுத்தவிடலாம். செல் 100 கிராம் காட்டினால் 0.098 நியூட்டன் மீட்டர். 300 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 31.4 ரேடியன். பெருக்கினால் சுமார் 3.1 வாட். கை சரியாகக் கிடைமட்டமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கே கிடையாது.

இரண்டு, உள்ளே போகும் மின்திறன். ஏசி சுற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிவிட்டு வாட் என்று எழுதுகிறார்கள். பவர் ஃபேக்டர் 0.6 ஆக இருந்தால் உண்மையான வாட் அதில் 60%தான். ரிலக்டன்ஸ் மோட்டாரில் பவர் ஃபேக்டர் குறைவாகவே இருக்கும், அதனால் இங்கே பிழை பெரிது.

மூன்றாவதுதான் யாரும் யோசிக்காதது: சூடு. தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.39% ஏறும். 50 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 20%. காலையில் பழைய வடிவம், அது முடிந்த கையோடு சூடான அதே சுருளில் புதிய வடிவம் என்று சோதித்தால் புதியது தோற்கும். வரிசையை மாற்றினால் ஜெயிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் சுருளின் மின்தடையை அளந்து, ஒரே மதிப்புக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

தரவுக்காரன்:
கம்பிச்சுருள் அண்ணா, அந்த மோட்டார் உதாரணம் எல்லாப் பிரிவுக்கும் பொருந்தாது. மென்பொருள் புராஜெக்ட்டில் பிரித்து மாட்ட ஒன்றும் இல்லை. ஒப்பீடு இருந்தும் பொய் சொல்லும்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் நோய் கண்டுபிடிக்கும் கணினி மாடல். துல்லியம் 98%, போஸ்டரில் பெரிய எழுத்தில். பக்கத்திலேயே மூன்று பழைய மாடல்களோடு ஒப்பீட்டு அட்டவணையும் இருந்தது. நடுவர் கேட்டது: "படம் எத்தனை என்று போட்டிருக்கிறீர்கள். நோயாளிகள் எத்தனை பேர்?" பையன் படங்களின் எண்ணிக்கையையே திரும்பச் சொன்னான். நடுவர் பொறுமையாக மறுபடி கேட்டார். அப்போதுதான் அவன் முகம் மாறியது. ஒரே நோயாளியின் படங்கள் மாடலைப் பயிற்றுவித்த பங்கிலும் அதைச் சோதித்த பங்கிலும் இரண்டு பக்கமும் விழுந்திருந்தன. மாடல் நோயைக் கற்றதா, ஆளைக் கற்றதா என்று பிரிக்க வழியில்லை. ஒப்பிட்ட மூன்று மாடல்களுக்கும் அதே கசிவு இருந்ததால் அட்டவணை அழகாகவே வந்தது.

வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் நோயாளி எண்ணை வைத்துப் பிரி. சோதனைப் பங்கை ஒதுக்கி வை, கடைசி வரை தொடாதே. அதற்குப் பிறகுதான் படங்களைத் திருப்பி, வெட்டி, எண்ணிக்கையைப் பெருக்குவது, அதுவும் பயிற்சிப் பங்கில் மட்டும். முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு பிரித்தால் ஒரே படத்தின் சாய்ந்த நகல் சோதனையில் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரேயின் மூலையில் இடம், வலம் குறிக்கும் எழுத்து இருக்குமே, அதையும் மறைத்து ஒரு முறை ஓடவிட வேண்டும். எழுத்தின் பாணியை வைத்தே எந்த மருத்துவமனை என்று மாடல் கற்றுக்கொள்ளும். ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம் என்றால் அதுவே விடையாகிவிடும்.

துல்லியம் என்ற ஒற்றை எண்ணும் போதாது. 100 படங்களில் 90 ஆரோக்கியமானவை என்றால், எல்லாமே ஆரோக்கியம் என்று சொல்லும் மாடலுக்கும் 90% கிடைக்கும்.

மு.செ. (வழிகாட்டி ஆசிரியர்):
எல்லோரும் கண்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சோதனை) பற்றியே பேசுகிறீர்கள். அரங்குக்குள் வந்தால்தானே அந்தக் கேள்வி? நீர் வடிகட்டி புராஜெக்ட் ஒன்று, கண்ணாடிபோல் தெரியும் குழாய்க்குள் மணலும் கரியும் நிறைத்து, தண்ணீரோடு கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு ஆய்வில் நிறுத்திவிட்டார்கள். மாணவன் மொத்தத்தையும் வாளியில் கொட்டிவிட்டு வெறும் குழாயை மேசையில் வைத்தான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மண், தண்ணீர், வேதிப்பொருள், உணவு, உயிருள்ளதோ உலர்ந்ததோ எந்தத் தாவரமும், எந்த நுண்ணுயிரியும் மேசையில் இருக்கக் கூடாது. படம் வைக்கலாம், எடுத்தவர் யார் என்று அடியில் எழுத வேண்டும். அகலம் 122 செ.மீ., ஆழம் 76 செ.மீ., தரையிலிருந்து உயரம் 274 செ.மீ. மேசையின் உயரமும் அதில் சேரும். நன்றி நவிலல், பழைய பரிசுகள், ஆய்வகத்தின் லோகோ எதுவும் போஸ்டரில் கூடாது. சுருக்கம் 250 சொல்லுக்குள்.

இதெல்லாம் கடைசி வாரத்தில் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது முன் அனுமதி. மனிதர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாலும், முதல் ஆள் பதில் எழுதும் முன் மறுஆய்வுக் குழு கையெழுத்திட்டிருக்க வேண்டும். வீட்டில் பாக்டீரியா வளர்ப்பது முழுக்கத் தடை, மூடிய பெட்டிக்குள் என்றாலும் தடைதான். பள்ளிக்கு வெளியே ஓர் ஆய்வகத்தில் வேலை செய்திருந்தால் 1சி படிவம், போன ஆண்டின் தொடர்ச்சி என்றால் 7-ஆம் படிவம். தரவு 12 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். முன் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கும் எண்ணமே வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் முதல் தரவின் தேதியைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிகச் சுலபம். குழுவாகப் போனால் அதிகபட்சம் மூன்று பேர், மூவருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்; நடுவர் வேண்டுமென்றே பேசாதவரைப் பார்த்துத்தான் கேட்பார். நடுவர்கள் சுற்றும் நேரத்தில் ஆசிரியருக்கு உள்ளே இடமில்லை.

இளவேனில்:
மு.செ. சார், மரியாதையோடு மறுக்கிறேன். படிவம் தகுதி தரும், பரிசு தராது. அறிவியல் புராஜெக்ட்டின் 100 மதிப்பெண்ணில் ஆய்வுக் கேள்விக்கு 10, திட்டமிடலுக்கு 15, தரவு எடுத்து ஆராய்ந்ததற்கு 20, படைப்புத்திறனுக்கு 20, போஸ்டருக்கு 10, நேர்காணலுக்கு 25. போஸ்டரைவிட நேர்காணல் இரண்டரை மடங்கு. பிள்ளைகள் நேரம் செலவழிப்பது தலைகீழாக.

2016-ல் ஆஸ்டின் வாங் நுண்ணுயிர் எரிபொருள் மின்கலத்துக்காக முதல் பரிசு வாங்கிய பிறகு, சேற்றில் மின்சாரம் எடுக்கும் புராஜெக்ட்கள் நிறைய வந்தன. அதில் ஒன்று. "0.65 வோல்ட் கிடைத்தது" என்று மாணவி சந்தோஷமாகச் சொன்னார். நடுவர் குனிந்து படத்தைப் பார்த்து, "சேற்றுக்குள் தெரிகிற இந்தக் கிளிப் என்ன உலோகம்?" என்றார். துத்தநாகப் பூச்சிட்ட கிளிப். எதிர்முனை தாமிரம். நுண்ணுயிரியே இல்லாவிட்டாலும் ஈர மண்ணில் அது மின்கலம்தான். அந்தப் பெண் உடனே புரிந்துகொண்டார், அதனால்தான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு முனையும் கார்பன் ஃபெல்ட் அல்லது கிராஃபைட். உலோக இணைப்பு ஈரத்தில் படாமல் எபாக்சியால் மூட வேண்டும். கொன்ற சேறு ஒரு ஜாடி கட்டாயம். 121 டிகிரியில் ஒரு முறை 15 நிமிடம் போதாது. மண்ணில் வித்துகள் பிழைக்கும், ஒரு நாள் விட்டு மறுபடி ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். சுமை இல்லாத வோல்ட் ஒன்றையும் சொல்லாது. 1000 ஓம் போட்டால் அதே கலம் 0.2 வோல்ட்டுக்கு இறங்கலாம். அப்போது திறன் 0.04 மில்லிவாட். 10,000 ஓமிலிருந்து 100 ஓம் வரை படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் வோல்ட் நிலைக்கும்வரை காத்திருந்து வரைபடம் போட வேண்டும். பொறுமையில்லாமல் உடனே குறித்தால் மின்முனையில் தேங்கிய மின்னேற்றத்தை அளந்துவிட்டு அதைத் திறன் என்று எழுதுவோம்.

கம்பிச்சுருள்:
நுண்ணோக்கிக்கு ஒரு கேள்வி. டிஸ்க்கை நன்றாகக் காயவைத்தால் எத்தனால் பறந்துவிடுமே, அப்புறம் எதற்கு வெறும் கரைப்பான் டிஸ்க்?

நுண்ணோக்கி:
பறந்துவிட்டது என்பதைக் காட்டத்தான், அண்ணா. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் அது பறக்கவும் செய்யாது. வட்டத்தின் அளவை வைத்து இரண்டு செடிகளை ஒப்பிடுவதும் தவறு. டானின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அகாரில் மெதுவாகப் பரவும். வீரியம் இருந்தும் வட்டம் சின்னதாக இருக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் திரவ ஊடகத்தில் சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அடர்வைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேயும் வெறும் கரைப்பானுக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள்.

வேரடி:
செடிப் பிரிவில் இதே கதை. இரண்டு தொட்டி, ஒன்றில் உரம், ஒன்றில் இல்லை, தொட்டிக்கு 30 நாற்று. போஸ்டரில் மாதிரி எண்ணிக்கை 60, பி மதிப்பு (உரத்தால் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்குக் கீழே. நடுவர், "தொட்டி எத்தனை?" என்றார். "இரண்டு." அதற்கு மேல் நடுவர் எதுவும் எழுதவில்லை. உரம் போட்டது தொட்டிக்கு, நாற்றுக்கு அல்ல. ஆக ஒரு பக்கத்துக்கு மாதிரி ஒன்றுதான். அந்தத் தொட்டி ஜன்னல் பக்கம் இருந்திருந்தால் அளந்தது வெளிச்சத்தை. அதே 60 நாற்றை 20 தொட்டியில் மூன்று மூன்றாக நட்டு, பத்துக்கு உரம், பத்துக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து, வாரம் ஒரு முறை இடத்தையும் மாற்றி வைத்திருந்தால் போதும். கணக்குப் போடும்போது ஒவ்வொரு தொட்டிக்கும் சராசரி எடுத்து, அந்த 20 எண்களை மட்டும் சோதனைக்குப் போட வேண்டும். பி மதிப்பு அவ்வளவு சின்னதாக வராது. வந்ததை அப்படியே போஸ்டரில் போடுங்கள்.