மாம்பூ, வேப்பம்பூவ வீட்டுக்குள்ள வச்சு போட்டோ எடுத்தவங்க அனுபவத்த சொல்லுங்க

காவேரிப்பட்டணம்காரன்:
தை கடைசி, பெங்களூரா மாமரம் பூத்து நின்னுச்சு. ஒரு கொத்த ஒடிச்சிட்டு வந்து பித்தளை சொம்புல வச்சு, பின்னாடி கருப்புத்துணி கட்டி, ஃபேன ஆஃப் பண்ணிட்டு கிழக்கு ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்துட்டேன். பாட்டி வந்து, "பூவோட ஒடிச்சியாடா, எத்தன காய் போச்சோ"ன்னாங்க. நான் பதிலே சொல்லல, ஏன்னா அப்பதான் ஸ்க்ரீன்ல பெருசாக்கி பாத்துட்டு இருந்தேன், சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கற பூ, அதுல இதழுக்கு இதழ் மஞ்சள் கோடு, மொதல்ல விரிஞ்ச பூவுல மட்டும் அதே கோடு ரோஸா மாறியிருக்கு! பாட்டிகிட்ட காட்டுனேன். கண்ணாடிய ஏத்திவிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க, "இத்தன வருசம் தோப்புல கெடந்து இத பாக்கலயே"ன்னாங்க. ஆனா மொதல்ல கேட்டாங்களே, அது இன்னும் மனசுல ஓடுது.

பர்கூர்வாசி:
அதுக்கெல்லாம் கவலப்படாதீங்க ப்ரோ. ஒரு கொத்துல ஆயிரக்கணக்குல பூ, அதுல நெறய ஆண் பூ, அது காய்க்கவே காய்க்காது, கடைசில நிக்கிறது ஒன்னோ ரெண்டோ. எனக்கு மறக்காதது மாம்பூவுல சாறு உறிஞ்சற தத்துப்பூச்சிதான். கொத்த டேபிள்ல வச்சதும் துள்ளி வந்து லென்ஸ் மேலயே உக்காந்துச்சு, இலையெல்லாம் பிசுபிசுன்னு. மருந்தடிச்ச தோப்புல இருந்து கொத்த வீட்டுக்குள்ள கொண்டு வரவே வராதீங்க.

ஓசூர் பொண்ணு:
எனக்கு வேப்பம்பூ. யுகாதி அன்னைக்கு பச்சடிக்கு அம்மா எவர்சில்வர் தட்டுல பூவ உருவிட்டு இருந்தாங்க, பக்கத்துல வெல்லம், புளி, மாங்காய். நான் தட்ட மட்டும் போட்டோ எடுக்கலாம்னு போனா அம்மா கைய எடுக்கவே இல்ல, வேல நடக்குதுல்ல. அந்த கை இருக்கற படத்ததான் இப்பவும் திரும்ப திரும்ப பாக்கறேன், விரல் நுனியெல்லாம் பூத்தூள்.

தர்மபுரி அண்ணன்:
பர்கூர் தம்பி, கணக்கு சரிதான், ஆனா அந்த ஒன்னு ரெண்டு காய நம்பித்தான் குத்தகை பேசறாங்க, பாட்டி கேட்டதுல நியாயம் இருக்கு. நான் ஒடிக்கவே மாட்டேன். பங்குனில ரோட்டோரம் கொட்டிக் கெடக்கற புங்கம்பூவ அள்ளிட்டு வந்து முறத்துல பரப்பி எடுத்தேன், அவ்வளவுதான் என் கதை. அப்புறம் காவேரிப்பட்டணம் தம்பி, கருப்புத்துணி வச்சா கேமரா இருட்டுன்னு நெனச்சு வெளிச்சத்த ஏத்திடும், வெளுத்த பூவெல்லாம் இன்னும் வெளுத்துப்போயிடும், எக்ஸ்போஷர, அதாவது படத்தோட வெளிச்ச அளவ, மைனஸ் ஒன்னுக்கு எறக்குங்க. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை ஒன்னு நிறுத்துங்க, நிழல் லேசாகும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்த உணர்ற அளவு) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 8, ட்ரைபாட், 2 செகண்ட் டைமர், கைல புடிச்சா ஆடும். ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கும்போது டியூப்லைட்ட அணைச்சிடுங்க, ரெண்டும் கலந்தா கலர் கெடும். கொத்த ஒடிச்ச எடத்துல பால் வடியும், கைல பட்டா சிலருக்கு புண்ணாகும், கழுவிட்டு கேமராவ தொடுங்க.

பர்கூர்வாசி:
அண்ணே, குத்தகைக்காரர் ஒத்த கொத்த எண்ணிட்டா இருக்காரு? புங்கம்பூவ அள்ளுனா அந்த ரோஸ் கோடு எங்க கெடைக்கும்? நான் அடுத்த தைக்கும் ஒடிப்பேன்.