‘ஸாய்மெங்’: ‘பவிசுகாட்டல்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழியான கான்டனீஸின் சொற்களுக்குத் தமிழ் தரும் நம் கான்டனீஸ்–தமிழ்ச் சொற்பட்டியலில், திமிர் பிடித்தவர்களைக் குறிக்கும் பகுதிக்கு நம் குழு நண்பரான ஐயா ஒருவர் தந்தவை செருக்கு, இறுமாப்பு, அகந்தை, ஆணவம். நான்கும் நல்ல சொற்கள்தாம். ஆனால் ஹாங்காங் தெருப்பேச்சுக்கு நேரே இவற்றை வைத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். இவை மனத்துக்குள் இருக்கும் குணத்தைச் சொல்பவை. கான்டனீஸ் பேசுவோரோ, அந்தக் குணம் வெளியே எப்படித் தெரிகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்.

‘ஙாச்சாட்’டில் ஙா என்றால் பல், சாட் என்றால் தேய்த்தல். தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அளப்பவரை இப்படிச் சொல்வார்கள். ‘வாய்ச்சவடால்’ அப்படியே பொருந்துகிறது. (ஙகரத்தில் தொடங்கும் சொல்லை எழுத நம்மிடம் எழுத்து இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி!) ‘ஸாச்சான்’ என்பதன் நேர்ப்பொருள் மணலும் தூசியும், ‘அலட்டல்’ போதும். மரியாதையில்லாத பேச்சுக்கும் தோரணைக்கும் வழங்கும் ‘ச்சுன்’னுக்குத் ‘தெனாவட்டு’ என்பேன். கொச்சை என்று இதை ஒதுக்கவேண்டாம், மூலமும் பேச்சுச்சொல்தான்.

‘கியூஙோ’ மட்டும் வேறு வகை. ஒருவர் தன் பிள்ளையின் வெற்றியில் பூரிப்பதற்கும் அதே சொல், தலைகால் புரியாமல் ஆடுவதற்கும் அதே சொல். தமிழில் ‘பெருமை’யும் அப்படித்தானே? பெருமைப்படுகிறோம், பெருமை பிடித்தவன் என்று திட்டவும் செய்கிறோம். ஐயா தந்த ‘செருக்கு’ இதில் பாதியைத்தான் சொல்கிறது.

புதிதாகச் சொல் வேண்டியது ‘ஸாய்மெங்’குக்கு. ஸாய் என்றால் வெயிலில் உலர்த்துதல், மெங் என்றால் விதி, வாழ்வு. கணவர் வாங்கித் தந்த பை, விடுமுறைப் பயணம், பிள்ளையின் மதிப்பெண் என்று தன் நல்வாழ்வை நாலு பேர் பார்க்கப் பரப்பிவைப்பது. சமூக வலைத்தளங்களில் இந்தச் சொல் சரளமாகப் புழங்குகிறது. நம் குழுவிலுள்ள அம்மா ஒருவர் முன்மொழிந்த ‘தற்பெருமை’ இதற்குப் போதாது. தற்பெருமைக்காரர் தன் திறமையைப் பேசுவார், இவர் காட்டுவது தனக்கு வாய்த்ததை. அதற்கு நம்மிடம் ‘பவிசு’ இருக்கிறது. “பவுசு காட்டுறா” என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே ‘பவிசுகாட்டல்’, செய்பவர் ‘பவிசுகாட்டி’, அத்தகைய இடுகை ‘பவிசுப்பதிவு’.

பவிசா, பவுசா என்பதை மட்டும் முடிவுசெய்யவேண்டும். ‘பவிசு’ தலைச்சொல்லாகவும் ‘பவுசு’ பேச்சுவடிவமாகவும் இடம்பெறலாம் என்பது என் பரிந்துரை.