மாடல் 19 ரிவால்வர் வாங்கப் போகிறேன்: 19-3க்கு 300 டாலர் அதிகம் கொடுக்கலாமா?

டெக்சாஸ்_வெயில்:
வணக்கம். ரொம்ப நாள் பணம் சேர்த்து இப்போதுதான் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 19 ஒன்று வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். பக்கத்து ஊர்க் கடையில் பழையது இரண்டு இருக்கின்றன. இரண்டுமே 4 அங்குல பேரல், நீலப் பூச்சு. ஒன்று 19-3, இன்னொன்று அதற்குப் பிறகு வந்த வடிவமான 19-5. முதலாவதுக்கு 300 டாலர் கூடுதல். ஏன் என்று கேட்டால் "பின் வைத்த பேரல், ரீசெஸ்டு சிலிண்டர்" என்கிறார் கடைக்காரர், அதற்குமேல் விளக்கம் இல்லை. நான் சுடுவதற்குத்தான் வாங்குகிறேன். பெரும்பாலும் .38 ஸ்பெஷல் தோட்டா, எப்போதாவது அதைவிட நீளமான, வேகமான .357 மேக்னம்.

பழைய_நீலம்:
பேரலைத் திருகி ஏற்றிய பிறகு அது நகராமல் பிரேமின் குறுக்கே அடிக்கும் சின்ன ஆணிதான் அந்தப் பின். ரீசெஸ் என்றால் தோட்டாவின் அடி விளிம்பு சிலிண்டருக்குள், அதாவது தோட்டா போடும் சுழல் உருளைக்குள், புதைந்து உட்காரும் பள்ளம். 1982இல் 19-5 வந்தபோது இரண்டையும் விட்டுவிட்டார்கள். குறி தவறாமல் சுடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இடம். சிலிண்டரைத் திறந்து, காலி என்று உறுதி செய்துகொண்டு, பேரலின் பின்முனையை, அதாவது ஃபோர்சிங் கோனை, டார்ச் அடித்துப் பாருங்கள். இது .38க்குப் பழகிய கே பிரேம், அதாவது ஸ்மித் அண்ட் வெசனின் நடுத்தர அளவு உடற்சட்டம். அமெரிக்க எல்லைக் காவல் படையில் இருந்த பில் ஜோர்டன் போன்றவர்கள் இடுப்பில் சுமக்க லேசான மேக்னம் கேட்டதால் 1955இல் அதே அளவில் .357 செய்தார்கள். இடம் போதாமல் கோனின் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள், அங்கே உலோகம் மெலிசு. 125 கிரெயின் (குண்டின் எடை அளவு) வேக மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டால் விரிசல் விழுவது அந்த இடத்தில்தான். விழுந்துவிட்டால் பேரலையே மாற்ற வேண்டும், பழைய பேரல் தேடுவது பெரிய அலைச்சல். 19-3, 19-5 இரண்டுக்கும் இது பொருந்தும்.

கரிசல்மண்:
அண்ணன் சொன்ன கோன் விஷயம் சரி, ஆனால் பின்னும் ரீசெஸும் வீண் என்பதை நான் ஏற்க மாட்டேன். நாளைக்கு விற்றால் அந்தப் பணம் திரும்பி வரும், அந்தக் கால வேலைப்பாடு கையில் பிடித்தாலே தெரியும். என்னிடம் இருப்பதும் 19-3தான், 20 வருடமாக விற்க மனம் வரவில்லை.

ஆனால் தம்பி, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, சிலிண்டரில் லேசாக விரலை வைத்து உரசியபடி ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அப்புறம் சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் அதிகம் என்றால் விட்டுவிடுங்கள்.

டெக்சாஸ்_வெயில்:
இன்று போய்ப் பார்த்தேன். 19-3இல் இரண்டு அறைகள் பூட்டவே இல்லை, விரலால் கொஞ்சம் தள்ளினால்தான் 'டிக்' என்று விழுகிறது. கடைக்காரரிடம் காட்டினேன், விலையைக் குறைக்க மாட்டேன் என்றுவிட்டார். 19-5இல் ஆறும் சுத்தமாகப் பூட்டின, கோனிலும் கீறல் இல்லை. அதையே எடுத்துக்கொண்டேன், கூடவே 158 கிரெயின் இரண்டு பெட்டி.

பழைய_நீலம்:
நல்லது. .38 நிறையச் சுட்ட நாளில் அறைகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். குட்டைத் தோட்டா விட்டுப்போகும் கரி வளையம் சேர்ந்தால் .357 உள்ளே இறங்க அடம் பிடிக்கும்.