அம்மாவின் மணித்திரையைக் கழற்றலாமா?

பாலத்தடி (கொருக்குப்பேட்டை, வட சென்னை):
பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். ஒரு ஹால், ஒரு அடுப்படி, அவ்வளவுதான் வீடு. அப்பா கட்டியது. எப்படியும் வேலை நடக்கிறதே என்று சிவப்பு சிமென்ட் தரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டவும் மேஸ்திரியிடம் பேசியாயிற்று. அதில் பிரச்சினை இல்லை. அம்மாவின் சாமான்களில்தான் பிரச்சினை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே பிளாஸ்டிக் மணித்திரை. அடுப்படி ஷெல்ஃபில் ஓரம் வெட்டித் தொங்கவிட்ட நியூஸ் பேப்பர். பழைய பெட்டி டிவிக்குப் பின்னிய குரோஷா உறை. டிவி போய்ப் பத்து வருஷம் ஆகிறது, உறை இப்போது மிக்ஸி மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒயரில் செய்த கிளி இரண்டு, ஒன்றுக்கு மூக்கு இல்லை. எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சுவர் சும்மா இருந்தால் போதும். அம்மாவிடம் சொன்னதற்கு "உங்க இஷ்டம்பா" என்று சொல்லிவிட்டது. அந்த 'பா'தான் உதைக்கிறது. எடுக்கலாமா, விடலாமா?

ஒற்றியூரான்:
எடு தம்பி, யோசிக்காதே. நம்ம பக்கத்துக் காற்றுக்கு இதெல்லாம் ஆகாது. ராயபுரத்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் காலையில் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் சாயங்காலம் கரி படிந்திருக்கும். 2011இல் கோர்ட் சொல்லித்தான் துறைமுகத்து நிலக்கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூரில் பழைய அனல்மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். சரி, தூசி போய்விட்டதா? கன்டெய்னர் லாரி ஓடுகிற வரைக்கும் போகாது. அதோடு உப்புக்காற்று. இரும்பு ஆணி அடித்தால் இரண்டு மழைக்குள் சுவரில் துருக் கண்ணீர் வடிகிறது. இந்த ஊரில் அலங்காரம் என்றால் தூசிக்கு மாடி கட்டிக் கொடுப்பது.

ஆயா பேத்தி:
ஒற்றியூர் அண்ணா, தூசிக்குப் பயந்தால் அரிசி டப்பாவைக்கூட வெளியே வைக்க முடியாது.

அந்த நியூஸ் பேப்பரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் ஆயா மாசத்துக்கு ஒருமுறை ஷெல்ஃபில் இருக்கிற எல்லாவற்றையும் இறக்கும். பேப்பரை நீளவாக்கில் மடித்து, அதை விசிறி மாதிரி நாலு மடிப்பு மடித்து, ஓரத்தில் கத்தரியால் அரை வட்டம், அதற்குள் சின்னதாக ஒரு முக்கோணம். பிரித்தால் லேஸ் வைத்த பாவாடை ஓரம் மாதிரி வரும். தலைப்புச் செய்தி தலைகீழாகத் தொங்கும். நான் அப்படித்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன், தலைகீழாக. (இன்றைக்கும் எதிர் சீட்டில் இருப்பவர் படிக்கிற பேப்பரை என்னால் படிக்க முடியும்.) அதற்கு ஆகிற செலவு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் இங்கே யாரோ கவனித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று தெரியும். கழற்றாதீங்க அண்ணா.

வாசப்படி:
ஆயா வெட்டியது, அம்மா பின்னியது, அத்தை துடைத்தது. இந்த மாதிரி பேச்சில் ஆம்பளை பேர் ஒன்றாவது வருகிறதா என்று பார்க்கிறேன், வரவே இல்லை.

கல்யாணமாகி 22 வருஷமாக வாசலில் கோலம் போடுகிறேன். பிடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அஞ்சரை மணிக்கு எழுந்தால்தான் தண்ணீரும் பிடிக்கலாம், கோலமும் போடலாம். ஜுரத்தில் ஒரு நாள் படுத்துவிட்டேன். "இன்னாமா, வாசல் மொட்டையா கீது" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். எனக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வீட்டின் மேல் இருக்கிற பாசம் என்று நீங்கள் சொல்வது பாதிக்கு மேல் ஒருத்தியின் இடுப்புவலி. தம்பி, அந்த மணித்திரையைக் கடைசியாக நீ எப்போது துடைத்தாய்?

பாலத்தடி:
துடைத்ததில்லை அக்கா.

ஒற்றியூரான்:
வாசப்படி நம்ம கட்சி.

வாசப்படி:
உங்கள் கட்சி இல்லை அண்ணே. நீங்கள் தூசியைப் பார்க்கிறீர்கள், நான் துடைக்கிற கையைப் பார்க்கிறேன். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் பத்து கிளி கூடத் தொங்கட்டும்.

நாலாவது மாடி:
காசிமேட்டில் போர்டு வீட்டில் வளர்ந்தவன் நான். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்த பிறகு கட்டிய பிளாக்குகள் தெரியும் இல்லையா, படிக்கட்டும் கதவும் ஜன்னலும் எல்லா மாடியிலும் ஒரே அச்சு. இப்போது வாரியத்துக்கே பேர் மாற்றிவிட்டார்கள், எங்கள் ஊரில் இன்னும் 'போர்டு'தான். கரன்ட் போன ராத்திரியில் எத்தனையாவது மாடி என்று எண்ணத் தவறினால் வேறு வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிடுவோம். எங்கள் அம்மா நிலைக்கதவில் சோழி கோத்த கயிறு ஒன்று கட்டியிருந்தது. கைவைத்துத் தடவி, சோழி பட்டால் நம்ம வீடு. அப்பா கடலுக்குப் போய்விட்டு விடிகாலையில் திரும்பும்போது அந்தக் கயிற்றை ஒருமுறை ஆட்டும். கதவைத் தட்டாது. அந்தச் சத்தத்துக்கு அம்மா எழுந்துவிடும்.

நான் இப்போது பெரம்பூரில் வாடகைக்கு இருக்கிறேன். ஹவுஸ் ஓனர் அம்மா ஆணி அடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டது. காலண்டர் பிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது.

மட்டக்கோல்:
கொத்து வேலை செய்பவன் என்ற முறையில் ஆணிக்கு மட்டும் பதில். கடல் பக்கத்தில் இரும்பு வேண்டாம், பித்தளை அல்லது எவர்சில்வர் கொக்கி போடுங்கள். துளை போட்டு பிளக் வைத்துத் திருகினால் ஓனரம்மா கேட்கும்போது கழற்றிப் பட்டி பார்த்துவிடலாம்.

எர்ணாவூர் வீடு:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது, ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நாலு சுவரிலும் கறுப்பாக ஒரு கோடு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தோம், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தோம். மேலே டிஸ்டெம்பர் இரண்டு கோட் அடித்தோம். பத்து நாளில் கோடு மறுபடி எட்டிப் பார்த்தது. வெறுத்துப்போய் என் நாத்தனார் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு அரக்கு எனாமல் அடித்துவிட்டு, அதன் விளிம்பில் வெள்ளையில் மாங்காய் மாங்காயாக வரைந்தது. அச்செல்லாம் இல்லை, காது குடையும் பஞ்சுக் குச்சியால். வடக்குச் சுவரில் மாங்காய் நன்றாக வந்திருக்கிறது, கிழக்குச் சுவருக்கு வரும்போது கை ஓய்ந்து வெறும் புள்ளியாகிவிட்டது. வருகிறவர்கள் டிசைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நாங்கள் எதையும் விளக்குவதில்லை. இதை அலங்காரக் கணக்கில் சேர்ப்பீர்களா ஒற்றியூர் அண்ணே?

ஒற்றியூரான்:
அதைச் சொல்லவில்லை தாயி. நான் சொன்னது மூக்கில்லாத கிளியை.

ஆயா பேத்தி:
ஒரு மூக்கு ஒட்டினால் தீர்ந்தது. ஒரு முழம் சிவப்பு ஒயர்.

வாசப்படி:
யார் ஒட்டுவது?

பாலத்தடி:
நான் ஒட்டுகிறேன் அக்கா, விடுங்கள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்திருக்கிறேன். நீங்கள் எல்லாம் போட்ட சண்டையில் எனக்கே வெட்கமாகி, நேற்று மணித்திரையைக் கழற்றி பக்கெட்டில் ஊறப்போட்டேன். மூன்று தண்ணீர் மாற்றினேன், மூன்றும் டீ நிறம். மொத்தம் 36 சரம். ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டதைப் பிரிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. "திரும்ப மாட்டிடவா?" என்றேன். "வேணாம்பா, கஞ்சி வடிக்கத் தூக்கினு போறப்போ மூஞ்சில அடிக்குது" என்றது.

அப்புறம் ஏன்மா இத்தனை வருஷம் வைத்திருந்தாய் என்று கேட்டேன். நான் சின்ன வயதில் அதற்குள் புகுந்து புகுந்து ஓடுவேனாம். கழற்றினால் நான் கோபித்துக்கொள்வேன் என்று விட்டுவைத்ததாம். எனக்கு இப்போது 38 வயது.

சரி, வேறு எது போனால் வருத்தம் என்று விடாமல் கேட்டேன். கிளியைச் சொல்லவில்லை, உறையையும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "தரையத்தான் மூடப் போறீங்களே" என்றது. அப்பா சாந்து போட்ட அன்றைக்கு, கரணையால் தேய்த்து முடித்த பிறகு, அம்மாதான் ராத்திரி முழுக்க நாய் ஏறாமல் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டதாம். வெள்ளிக்கிழமை தோறும் தேங்காய் எண்ணெய்த் துணியால் தேய்த்தது முட்டிவலி வருகிற வரைக்கும். இந்தக் கதை எனக்குத் தெரியாது. நானும் தரையைத் தரையாகத்தான் பார்த்திருக்கிறேன். மட்டக்கோல் அண்ணே, மேஸ்திரி திங்கட்கிழமை வருகிறார். என்ன செய்ய?

மட்டக்கோல்:
இன்றைக்கே போன் போட்டு நிறுத்து. டைல்ஸ் பிடிக்க வேண்டும் என்று தரையை முதலில் கொத்திவிடுவார்கள். கொத்திய சிவப்புத் தரை திரும்பி வராது. விரிசல் இருந்தால் ஒட்டுப் போடலாம், ஆனால் பழைய சிவப்பும் புதுச் சிவப்பும் சேராது, ஒட்டு தெரியும். ஆசிட் ஊற்றிக் கழுவாதே, சிமென்ட்டைத் தின்றுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு, துணியில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய். ஒரே நாளில் வராது. வாரம் ஒருமுறை தேய்த்தால் மெல்ல முகம் காட்டும்.

வாசப்படி:
தேய்க்கப்போவது?

பாலத்தடி:
நானும் என் வீட்டுக்காரியும் வாரம் மாற்றி வாரம். எழுதி பிரிட்ஜில் ஒட்டியாயிற்று. மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டேன், அட்வான்ஸ் போனது போனதுதான். ஒரே ஒரு சந்தேகம். அடுப்படி மூலையில் கேஸ் சிலிண்டர் வைத்த இடத்தில் துருப்பிடித்து வட்டமாக ஒரு கறை. என்ன தேய்த்தாலும் போகவில்லை.

மட்டக்கோல்:
அது போகாது. அதே இடத்தில் சிலிண்டரை வை.