முதல் ஸ்டீரியோ: இருபதாயிரத்துக்குள் எதை வாங்குவது?

தாமிரபரணி: எங்கள் வீட்டுக் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. தரை முழுக்க டைல்ஸ். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. அப்பா கேட்பது 1960களின் திரைப்பாடல்களும் நாகஸ்வரமும். எனக்கு இந்தக் காலத்துப் பாட்டு. எல்லாம் கைபேசியிலிருந்தோ டிவியிலிருந்தோதான் வரும். கடைக்காரர் ‘3000 வாட் பிஎம்பிஓ’ என்று எழுதிய 5.1 செட்டை (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) தலையில் கட்டப் பார்க்கிறார். வாங்கலாமா?

மலைக்கோட்டை: வேண்டவே வேண்டாம். பிஎம்பிஓ என்பது ஒரு கணம் எட்டும் உச்ச வாட் என்று சொல்லிக்கொள்ளும் எண், அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அவரவர் மனம்போல் அச்சடித்துக்கொள்ளலாம். பெட்டியின் பின்புறம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பாருங்கள். 60 வாட் இழுக்கும் பெட்டி 3000 வாட்டை எங்கிருந்து தரும்? ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள், கடைக்காரர் பேச்சை மாற்றுவார். அதே பணத்தை ஆறு பெட்டிக்குப் பங்கிட்டால் ஆறும் மட்டமாகத்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும். எடிஃபையர் ஆர்1280டிபி போன்றது: தாழ்ந்த ஒலிக்கு நான்கு அங்குல வூஃபர், பக்கத்துக்கு 21 வாட் ஆர்எம்எஸ், புளூடூத், டிவிக்கு ஆப்டிகல் இணைப்பு. டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சில நிகழ்ச்சிகளில் ஒலியே வராது.

பழையவால்வு: தம்பி, ஆக்டிவ் பெட்டியில் எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். அது போனால் நல்ல ஸ்பீக்கரும் சேர்ந்து முடங்கும். தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர் என்று வாங்கினால் ஒன்று பழுதானாலும் மற்றது பிழைக்கும், பிறகு பணம் வரும்போது ஒவ்வொன்றாக உயர்த்திக்கொள்ளலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பழைய ஜப்பானிய ஆம்ப் கிடைக்கும். அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பார்த்தாலே தரம் தெரியும்.

மலைக்கோட்டை: எடையை வைத்து வாங்க அது என்ன பலாப்பழமா ஐயா? ஜப்பானில் விற்ற ஆம்ப் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனிச் செலவு. முப்பது நாற்பது வருட ஆம்ப்பில் கபாசிட்டர் வறண்டிருக்கும், வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கும். பழைய ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை விரலால் தொட்டாலே உதிரும். இவர் முதன்முதலாக வாங்குகிறார், சால்டரிங் அயர்ன் பிடிக்கப் போகிறவர் அல்லர்.

பழையவால்வு: ஏற்றுமதிக்கென்று 220 வோல்ட்டில் செய்தவையும் உண்டு, பின்புறத் தகட்டைப் படித்து வாங்க வேண்டும். ஃபோம் வேண்டாம் என்றால் ரப்பர் விளிம்பு உள்ளதாகப் பார்க்கலாம். கபாசிட்டரை எந்த ரேடியோ மெக்கானிக்கும் மாற்றித் தருவார். உங்கள் ஆக்டிவ் பெட்டியின் பலகையைக் கொண்டுபோனால் அவர் கையை விரிப்பார்.

செம்பருத்தி: இருவரும் பெட்டியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். அறையை யாரும் பார்க்கவில்லை. டைல்ஸ் தரை, வெறும் சுவர். நடுவில் நின்று கையைத் தட்டிப் பாருங்கள், ‘டிங்’ என்று ஒரு எதிரொலி வரும். அந்த அறையில் நாகஸ்வரம் காதைக் கிழிக்கும், எத்தனை ஆயிரத்துக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும். தடித்த ஜமக்காளம், கனமான திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி, இவற்றுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். பெட்டியை மூலையில் திணிக்காதீர்கள். மூலையில் தாழ்ந்த ஒலி பெருகி மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) ‘பொம்பொம்’ என்று எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். உச்ச ஒலி தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. 1960களின் திரைப்பாடல் ஒலிப்பதிவு மோனோ. இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலிதான் வரும். அப்பாவுக்கு வேண்டியது தெளிவான குரல். இரண்டு சுமாரான பெட்டிக்குப் பதில் நல்ல ஒற்றைப் பெட்டி வாங்கினால் என்ன?

மலைக்கோட்டை: ஜமக்காளத்தை ஒப்புக்கொள்கிறேன், ஒற்றைப் பெட்டியை அல்ல. மோனோவாக இருந்தாலும் இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தால் குரல் நேர் எதிரிலிருந்து வரும். மகன் கேட்கும் பாட்டு ஸ்டீரியோ. வீட்டில் இருவர் இருக்கிறார்கள் அம்மா!

பழையவால்வு: வாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குக் கொஞ்சம் கூடியதுபோல் தோன்றும், அவ்வளவே. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை, அதாவது கொடுத்த வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் தேவைப்படும் இடத்தில் 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 போதும். இந்தப் பொருத்தம் பார்த்து வாங்கும் சுதந்திரம் தனி ஆம்ப்பில்தான் உண்டு.

மலைக்கோட்டை: ஆக்டிவ் பெட்டியில் அந்தப் பொருத்தத்தைச் செய்தவனே பார்த்துவிட்டான். இவருக்கு அந்தத் தலைவலி ஏன்?

தாமிரபரணி: அனைவருக்கும் நன்றி. ஆக்டிவ் ஜோடி ஒன்று, மீதிப் பணத்தில் ஸ்டாண்டும் ஜமக்காளமும் என்று முடிவெடுத்து அப்பாவிடம் சொன்னேன். “அதில் ரேடியோ வருமா?” என்கிறார்.

பழையவால்வு: பார்த்தீர்களா! இதற்குத்தான் பழைய ரிசீவர். ஆம்ப்பும் எஃப்எம்மும் ஒரே பெட்டியில்.

மலைக்கோட்டை: ஜப்பானில் விற்ற பழைய ரிசீவர் என்றால் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம்மூர் நிலையங்கள் 88 முதல் 108 வரை. முள்ளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அப்பா எதைக் கேட்பார் ஐயா? ஒரு சிறிய எஃப்எம் ரேடியோ வாங்கி, அதன் இயர்ஃபோன் துளையிலிருந்து ஒரு கேபிள் வழியாக ஸ்பீக்கரின் ஆக்ஸ் உள்ளீட்டில் செருகுங்கள்.

பழையவால்வு: அதையும் ஏற்றுமதி மாடலாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.