மாடி அறை பாயிண்ட்டில் மூன்று எல்இடியும் எரிகிறது: கோளாறு சர்க்யூட்டிலா, வயரிங்கிலா?

தறிநாடா:
பிளக் பாயிண்ட் வயரிங் சரியா என்று பார்க்க ஒரு சின்ன சர்க்யூட் போட்டிருக்கிறேன். பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என மூன்று ஜோடிக்கும் தனித்தனி பிசி817 ஆப்டோகப்ளர் (மெயினோடு நேரடியாகச் சேராமல் ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் சிப்). ஒவ்வொன்றுக்கும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஆப்டோவுக்கு உள்ளே இருக்கும் எல்இடியைக் காப்பாற்ற எதிர்ப்பக்கமாக ஒரு 1என்4148 டயோடு. அவுட்புட் ஆர்டுவினோ என்கிற புரோகிராம் போர்டுக்குப் போகிறது, அது ஜோடிக்கு ஒரு எல்இடி விளக்கை எரிக்கிறது.

கீழ்த்தளம் முழுக்க, எதிர்பார்த்தபடி, முதல் இரண்டு விளக்கு மட்டும் எரிகிறது. மாடி அறையில் மூன்றும் எரிகிறது. அங்கே செருகியிருந்ததை எல்லாம் பிடுங்கிவிட்டாலும் அப்படித்தான். மல்டிமீட்டரில் பேஸ்–நியூட்ரல் 230 வோல்ட். கம்ப்யூட்டர் செருகியிருந்தால் பேஸ்–எர்த் 118, நியூட்ரல்–எர்த் 112. பிடுங்கினால் எர்த் ரீடிங் நிலையில்லாமல் அலைகிறது. கம்ப்யூட்டர் செருகியிருக்கும்போது அதன் கேபினட்டைத் தொட்டால் லேசாக விர்ரென்கிறது.

எலக்ட்ரீஷியன் அண்ணன், "சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு துண்டு ஒயர் போட்டுடலாம் தம்பி, எல்லாம் சரியா காட்டும்" என்கிறார். போடலாமா?

பழைய ஒயர்மேன்:
போடவே போடாதீங்க தம்பி. சரியாகக் காட்டும் என்பது உண்மைதான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நாளைக்கு அந்த அறைக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், கம்ப்யூட்டர் வழியாக வரும் பேஸ் நீங்கள் போட்ட துண்டு ஒயரில் ஏறி நேராக கேபினட்டுக்கு வந்துவிடும். விர்ரென்பதெல்லாம் போய் முழு 230 அடிக்கும். பேஸும் நியூட்ரலும் யாராவது மாற்றிக் கொடுத்தாலும் இதே கதைதான். இவ்வளவு ஆபத்து இருந்தும், நியூட்ரல் அறுகிற வரை உங்கள் டெஸ்டர் 'எல்லாம் சரி' என்றுதான் சொல்லும். நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருப்பதை வோல்டேஜை மட்டும் பார்க்கும் எந்த சர்க்யூட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

உங்களுக்கு எர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. 118, 112 என்று பாதிப் பாதியாக வருவதே அதற்கு அடையாளம். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டியில்) பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். எர்த் அறுந்திருந்தால் கேபினட் அந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கும்.

தறிநாடா:
நன்றி அண்ணா. ஆனால் கம்ப்யூட்டரைப் பிடுங்கிய பிறகும் மூன்றும் ஏன் எரிகிறது?

சால்டர்புகை:
கெபாசிட்டர்கள் செய்த அந்தப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் வேலையை இப்போது செய்வது உங்கள் டெஸ்டரேதான். எர்த் பின் எதனோடும் சேராமல் இருக்கும்போது பேஸ்–எர்த் கிளையும் (அந்த ஜோடிக்கான ரெசிஸ்டரும் ஆப்டோவும்) நியூட்ரல்–எர்த் கிளையும் ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸ் ஆகிவிடுகின்றன. 230 வோல்ட் இரண்டுக்கும் பாதியாகப் பிரியும். வழக்கமான 1 மில்லிஆம்பியருக்குப் பதில் அரை மில்லிஆம்பியர் ஓடும், ஆப்டோ ஆன் ஆக அது போதும். அதனால் மூன்றும் எரிந்தால் முதலில் 'எர்த் ஓப்பன்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதி செய்ய, டெஸ்டரை வெளியே எடுத்து நியூட்ரல்–எர்த் கிளையைக் கழற்றுங்கள். அந்த அறையில் வேறு எதுவும் செருகியிருக்கக் கூடாது. மறுபடி செருகும்போது பேஸ்–எர்த் விளக்கும் அணைந்துவிட்டால் எர்த் இல்லை என்று அர்த்தம். நானாக இருந்தால் அந்தக் கிளையில் ஒரு புஷ் ஸ்விட்ச் நிரந்தரமாகவே வைத்துவிடுவேன்.

அப்புறம், 220 கிலோ ஓம் ஒரே ரெசிஸ்டராக இருந்தால் மாற்றுங்கள். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட கால் வாட் சூடாகும். சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட் வரைதான் தாங்கும், நம் மெயினின் உச்சமோ 325. இரண்டு 110 கிலோ ஓமை சீரிஸில் போடுங்கள். புரோகிராமில் ஒரு தடவை மட்டும் பின்னைப் படிக்காதீர்கள். அரை சைக்கிளில்தான் சிக்னல் வரும், 20 மில்லிசெகண்ட் முழுக்கப் பார்க்க வேண்டும்.

தறிநாடா:
கிளையைக் கழற்றியதும் பேஸ்–எர்த் அணைந்துவிட்டது! இனி ஒயர் எங்கே விட்டது என்று எப்படித் தேடுவது?

பழைய ஒயர்மேன்:
மெயினை ஆஃப் பண்ணுங்கள், இன்வர்ட்டர் இருந்தால் அதையும். மீட்டரை வைத்து கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, டிபி பாக்ஸில் (ஃபியூஸ், எம்சிபி இருக்கும் பெட்டியில்) எல்லா எர்த் ஒயரும் சேரும் எர்த் பாரிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்து ஒவ்வொரு பாயிண்ட்டின் எர்த் பின்னுக்கும் ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்குள் வரவேண்டும். எந்த ஜங்ஷன் பாக்ஸைத் தாண்டியதும் ரீடிங் காணாமல் போகிறதோ அங்கே திறங்கள்.

இரண்டாம்பேஸ்:
ஒரு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். டெஸ்டரை ஈபி கரண்டில் மட்டும் பயன்படுத்துங்கள். சில இன்வர்ட்டரில் அவுட்புட் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும், நல்ல வயரிங்கிலும் மூன்று விளக்கும் எரியும்.

தறிநாடா:
கிடைத்துவிட்டது. மாடிப்படி ஜங்ஷன் பாக்ஸில் பச்சை எர்த் ஒயரை முறுக்காமல் டேப் மட்டும் சுற்றி விட்டிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணனே வந்து கனெக்டர் போட்டுக்கொடுத்தார். இப்போது 0.6 ஓம், கேபினட்டில் விர்ரும் இல்லை. கடைசியாக ஒன்று: ஆர்சிசிபி (எர்த்துக்கு கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டால் இந்த டெஸ்டரைச் செருகினாலே டிரிப் ஆகுமா?

சால்டர்புகை:
ஆகாது. நீங்கள் எர்த்துக்கு விடுவது 1 மில்லிஆம்பியர். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-க்குக் கீழே டிரிப் ஆகக் கூடாது. தைரியமாகப் போடுங்கள்.